சத்து பற்றித் தெரியும், சொல்லத்தான் தயக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டச்சத்து படித்தவர்கள், நர்சுகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டதால் இதையெல்லாம் கற்றுக்கொண்டவர்கள் எனப் பலர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அறிமுகமே இல்லாத நோயாளிக்கு மளமளவென்று உணவு அட்டவணை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சொந்தச் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. அதிகப்பிரசங்கி என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அதனால் நல்ல விஷயங்கள் பல சொல்லப்படாமலே போகின்றன என்பதும் தெரியும்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் "பெரிய மேதாவி" என்று நினைக்க மாட்டார்களா?

சில சமயம் நினைப்பார்கள். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன்.

நம் வீடுகளில் சாப்பாட்டை யாரும் சத்துக் கணக்காகப் பார்ப்பதில்லை. யார் சமைத்தது, யாருக்காகச் சமைத்தது, யார் பரிமாறியது எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு "இந்த வடை எவ்வளவு எண்ணெய் குடிச்சிருக்கு பாருங்க" என்று ஒரு பெண் சொன்னால், அவள் எண்ணெயைப் பற்றிப் பேசியதாக யாருக்கும் காதில் விழாது. விடியுமுன் எழுந்து உளுந்து ஆட்டியவரைக் குறை சொன்னதாகத்தான் விழும். அப்படி விழுவதிலும் நியாயம் உண்டு.

நான் பார்த்தவரை, விஷயம் தெரிந்திருப்பதற்காக யாரும் யாரையும் வெறுப்பதில்லை. எதிரில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார், ஏன் அப்படிச் சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறவரைத்தான் தலைக்கனம் பிடித்தவர் என்கிறார்கள். ஆகவே நீங்கள் வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். கீழே இருக்கும் பதில்களில் பாதி இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் வம்பு இல்லையே?

உங்களுக்கு வம்பு இல்லை. அவருக்கு உண்டு. நீங்கள் ஒதுங்கி நிற்கும் இடத்தில் வேறு யாராவது வந்து நின்றுகொள்வார்கள். "ஏழே நாளில் சர்க்கரை நோயை விரட்டலாம்" என்று கூரியரில் தூள் அனுப்புகிறவருக்குத் தயக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 2023இல் வெளியானது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. இவ்வளவு பேருக்கும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு திண்ணையில், யாரோ ஒருவர் சாப்பாட்டு யோசனை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த யாரோ ஒருவர் விஷயம் தெரிந்தவராக இருக்கட்டுமே என்பதுதான் என் ஆசை.

கேட்காமலே குறுக்கிட்டுச் சொல்ல வேண்டிய நேரம் உண்டா?

உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மரியாதை, சந்தர்ப்பம், பெயர் எதையும் பார்க்க வேண்டாம்.

முதலாவது, பச்சைக் குழந்தைக்குத் தேன். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்த நஞ்சு தசைகளைத் தளரவைத்து, பால் உறிஞ்சவும் மூச்சு விடவும் முடியாமல் செய்துவிடும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வயது வரை தேன் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இரண்டாவது, சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இளநீர். டயாலிசிஸ் எடுப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீரும் சாத்துக்குடியும் இருக்கும், அன்பாகத்தான் வாங்கி வருகிறார்கள். கால் லிட்டர் இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். "பிரஷருக்கு நல்லது" என்று விற்கும் சோடியம் குறைத்த உப்பும் இவர்களுக்கு இதே காரணத்தால் ஆகாது. சோடியத்துக்குப் பதில் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடுதான்.

மூன்றாவது, இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பவர். ஏகாதசி, நோன்பு, தவக்காலம் எதுவாக இருந்தாலும், வழக்கமான அளவு மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் என்று தெரிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள். விரதம் இருந்தே தீருவேன் என்பவரை முன்கூட்டியே டாக்டரிடம் அனுப்பி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீடியோ பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதுவும் இந்த வகைதான்.

சரி, ஆபத்து என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எதிரில் நிற்பது பாட்டி. எப்படிச் சொல்வது?

காரியத்தை நிறுத்துங்கள், அவருக்குரிய இடத்தை எடுத்துவிடாதீர்கள். பாட்டி தேன் கிண்ணத்தோடு வருகிறார் என்றால், நான் சொல்வது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"பாட்டி, ஒரு நிமிஷம். தேன் மட்டும் வேண்டாம் பாட்டி. ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்கு ஆகவே ஆகாது, மூச்சுத் திணறலே வந்துடும். கையை நல்லா கழுவிட்டு, அம்மா பால்லயே ஒரு சொட்டு எடுத்து உங்க கையால வைங்க. உங்க கை ராசி பிள்ளைக்கு வரட்டும்."

பாட்டிக்கு வேண்டியது பேரப்பிள்ளைக்கு முதல் ஆசி தன் கையால் போக வேண்டும் என்பதுதான். தேன் அதற்கு ஒரு சாக்கு. அதை மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலான பாட்டிகள் சம்மதித்துவிடுகிறார்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் சண்டை வரும், பிறகு நாம் இல்லாத நேரம் பார்த்துத் தேனும் வரும்.

கூட்டத்தின் நடுவே காரண காரியம் விளக்கத் தேவையில்லை. அந்த நேரத்துக்கு நிறுத்தினால் போதும். பாக்டீரியா கதையை மறுநாள் அவர் தனியாக வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள், ஆர்வமாகவே கேட்பார்.

ஆபத்து எதுவும் இல்லாத, ஆனால் சொன்னால் நன்மை உண்டு என்ற விஷயங்களில்?

இங்கேதான் முதலில் கேட்க வேண்டும். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்தபோது, அறிவுரையால் நெருக்க நெருக்க அவர்கள் தங்கள் பழக்கத்துக்காகவே வாதாடுவதைக் கவனித்தார். 1983இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை ஒரு முறையாகவே வளர்த்தார். இன்று உணவு ஆலோசனையிலும் அது பரவலாகப் பயன்படுகிறது. சுருக்கமாக: அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அது அவருக்கு எப்படிப் படுகிறது என்று மறுபடி கேளுங்கள்.

ஒரு உரையாடலாகவே காட்டுகிறேன்.

"சித்தி, ரத்தம் கம்மின்னு மாத்திரை சாப்பிடுறீங்களே, இப்ப எப்படி இருக்கு?"

"எங்க, முழுங்கிட்டுத்தான் இருக்கேன். ஏற மாட்டேங்குது."

"எப்பப் போடுறீங்க?"

"காலைல டிபன் முடிச்சு டீ குடிக்கறப்ப. அப்பத்தான் ஞாபகம் வரும்."

"அதுல ஒரு விஷயம் இருக்கு சித்தி, சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

"டீயில இருக்கிற டானின் இரும்புச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும். கூடவே ஒரு கொய்யாத் துண்டோ எலுமிச்சைச் சாறோ இருந்தா நல்லாச் சேரும். உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்?"

"மத்தியானம் சோத்துக்கு அப்புறம் போடட்டா? அப்ப டீ கிடையாது."

நேரத்தை முடிவு செய்தது சித்தி. அதனால் நாளைக்கும் அது நடக்கும். "டீ குடிக்கிறதை விட்டுடுங்க" என்று நீங்கள் சொல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பது அவருக்கே இருந்த கேள்வி, அதற்குத்தான் பதில் கிடைத்தது. நடுவில் வந்த "சொல்லட்டுமா?" என்ற ஒரு சொல்தான் அதிகப்பிரசங்கி என்ற பெயர் வராமல் காப்பது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்த பிறகு பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்பதில்லை.

இந்த ஒரு தகவலே பெரிய விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. இடைவெளி விட்டும் சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் சித்தியை டாக்டரிடம் அனுப்புங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குடல் புழு, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

இதே மாதிரி கேட்டுப் பார்க்க வேண்டிய இன்னொன்று தைராய்டு மாத்திரை. காலையில் மாத்திரையைப் போட்ட கையோடு காபி டம்ளரை எடுக்கிறவர்கள் ஏராளம். வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

"வெல்லம் போட்டா சர்க்கரை ஏறாது" என்று அடித்துப் பேசும் பெரியப்பாவிடம் என்ன சொல்வது?

வாதாடாதீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். இரும்புச்சத்து, தாது உப்புகள் கொஞ்சம் இருக்கின்றன, ஆனால் காபியில் போடும் ஒரு ஸ்பூனில் அவை கணக்கில் வராது. ரத்தச் சர்க்கரை விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கும் இவற்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை நான் சொன்னால் பெரியப்பா நம்ப மாட்டார். "பெரியப்பா, ரெண்டு நாள் பார்த்துடலாமா? ஒரு நாள் கருப்பட்டிக் காபியோட டிபன், ஒரு நாள் இனிப்பில்லாத காபியோட அதே டிபன். ரெண்டு மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணலாம்" என்றால் அவருக்கே ஆர்வம் வந்துவிடும். மெஷின் காட்டும் எண்ணோடு யாருக்கும் கௌரவப் பிரச்சினை கிடையாது.

சப்பாத்திக்கும் இதே வழிதான். சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் சோற்றை விட்டுவிட்டு ராத்திரி நான்கு சப்பாத்திக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நான்கு சாப்பிட்டால் 80 கிராம், அதாவது கிட்டத்தட்ட 280 கிராம் சோற்றுக்குச் சமம். சோறு பிடித்தவர் சோற்றையே அளவாகப் போட்டு, கூட்டையும் பொரியலையும் இரண்டு மடங்காக்கி, பருப்போ முட்டையோ மீனோ சேர்த்துக்கொண்டால் போதும். இதைச் சொன்னதும் பல பெரியவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். சத்து பற்றிப் பேச வருகிறவர் எப்போதும் எதையாவது பிடுங்கிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். திருப்பிக் கொடுக்கவும் நம்மிடம் நிறைய இருக்கிறது.

நான் டயட்டீஷியன் படிப்புப் படிக்கவில்லை. எனக்குச் சொல்ல உரிமை உண்டா?

பொதுவான, உறுதியான விஷயங்களைச் சொல்லலாம். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், பாக்கெட்டில் பொருட்களின் பெயர்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவான வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும், கீரையோடு எலுமிச்சை சேர்ந்தால் நல்லது என்பதற்கெல்லாம் பட்டம் தேவையில்லை. ஒருவருடைய நோய்க்கும் மருந்துக்கும் ஏற்றபடி சாப்பாட்டை மாற்றுவது வேறு வேலை. உதாரணத்துக்கு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரிடம் "தினமும் நிறையக் கீரை சாப்பிடுங்கள்" என்று நல்லெண்ணத்தில் சொன்னால், கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரை கூடாது என்பதும் இல்லை, அளவு நாளுக்கு நாள் மாறாமல் இருக்க வேண்டும். இது படித்தவர் பார்க்க வேண்டிய விஷயம். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது, டாக்டர்கிட்ட இப்படிக் கேளுங்க" என்று சொல்லத் தெரிந்தவரை யாரும் அகம்பாவி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று முட்டை கெடுதல் என்றார்கள், இன்று நல்லது என்கிறார்கள். நான் சொல்வதும் நாளை மாறினால்?

சில மாறும். முட்டை மேல் பழி வந்தது அதிலுள்ள கொலஸ்ட்ராலால்தான்; உணவுக் கொலஸ்ட்ராலுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி தன் 2015-20 பதிப்பில் எடுத்துவிட்டது. நம் ஊர்ப் பழைய அட்டவணைகளில் 100 கிராம் நெல்லிக்காய்க்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்றிருக்கும். 2017 இந்திய உணவு அட்டவணையில் அது 252. நெல்லிக்காய் அப்போதும் நல்லதுதான், இப்போதும் நல்லதுதான், எண்தான் மாறியது. காய்கறி, பயறு, பழம் அதிகம் சாப்பிடுவதும் உப்பு, சர்க்கரை, பொரித்தது குறைப்பதும் பல பத்தாண்டுகளாக மாறவில்லை. உறுதியானதை உறுதியாகச் சொல்லுங்கள். மாறிக்கொண்டிருப்பதை "இப்போதைக்கு இப்படித்தான் தெரிகிறது" என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே குரலில் அடித்துச் சொல்கிறவரின் பேச்சுக்குத்தான் பிறகு மதிப்புப் போகும்.

பரம்பரையாகச் சாப்பிட்டு வருவதைக் குறை சொல்ல நாம் யார்?

குறை சொல்வதற்கு முன் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். குன்னூரில் 1918இல் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய சிறு பிரிவுதான், 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விட்ட அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய் பெரிபெரி. அன்றைய சென்னை மாகாணத்தில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வட கடலோர ஆந்திர மாவட்டங்களில் அது அதிகம். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பழக்கம் என்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது, தேன் விஷயத்தைப் பார்த்தோம். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டவர் ஒருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் இன்றைய கானாவில் வேலை பார்த்தார். வயிறு உப்பி, கால் வீங்கி, தோல் உரிந்து சாகும் குழந்தைகளைப் பற்றி அங்குள்ள தாய்மார்களிடமே விசாரித்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அவர்கள் சொன்னார்கள். தாய்ப்பால் நின்று மாவுக் கஞ்சியிலேயே வளரும் குழந்தைக்குப் புரதம் போதவில்லை என்ற முடிவுக்கு அவர் அங்கிருந்துதான் வந்தார். அந்தப் பெண்கள் வழங்கிய குவாஷியோர்கர் என்ற பெயரையே மருத்துவ உலகுக்கும் கொடுத்தார். அது பெலாக்ரா என்ற வேறொரு சத்துக்குறை நோய்தான் என்று சாதித்த பெரிய நிபுணரிடம் அவர் பின்வாங்கவும் இல்லை. 1939இல் சிங்கப்பூரில், குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பூட்டிய டப்பா பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று ரோட்டரி சங்க மேடையிலேயே பேசினார். படிக்காத தாய்மார்கள் முன்னால் காதைக் கொடுத்தவரும் அவர்தான், செல்வாக்குள்ளவர்கள் முன்னால் குரலை உயர்த்தியவரும் அவர்தான்.

நானே பருமனாக இருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

டீயில் டானின் இருப்பது உங்கள் எடையைப் பொறுத்தது இல்லை. உடம்பின் எடைக்கு மரபணு, மருந்து, தூக்கம், பிரசவம், தைராய்டு என்று எத்தனையோ காரணங்கள். "உனக்கே பண்ணிக்க முடியலையே" என்று கேட்டால், "கஷ்டம்னு எனக்குத் தெரியும், அதனாலதான் உங்களுக்குச் சின்னதா ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை.

அடுத்தவர் எடையைப் பற்றிச் சொல்லலாமா?

அவராகக் கேட்காதவரை கூடாது. "இளைச்சுட்டே", "பூசின மாதிரி இருக்கே" என்பதெல்லாம் நம் ஊரில் நலம் விசாரிப்பு போலவே ஆகிவிட்டது. சத்து படித்தவர் வாயிலிருந்து வந்தால் அதன் பாரம் இரட்டிப்பு. பதின்வயதுப் பிள்ளைகளிடம் கூடவே கூடாது. ஒரு சொல்லில் சாப்பாட்டையே வெறுக்கத் தொடங்கிய பிள்ளைகளை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வதை வாங்கிச் சாப்பிட அவர்களிடம் வசதி இல்லை. சொன்னால் திமிராகத் தெரியாதா?

தெரியும். பால் பாக்கெட்டைக் கணக்குப் பார்த்து வாங்கும் வீட்டில் பாதாம், ஓட்ஸ், அவகாடோ என்று பேசுவது புண்படுத்தும். நம் பக்கத்துச் சரக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம், அதே எடை பசும்பாலில் சுமார் 118. கேழ்வரகுச் சத்து முழுவதும் உடம்பில் சேராது என்றாலும் களியாகவோ அடையாகவோ வாரத்தில் சில நாள் சாப்பிட்டால் பலன் உண்டு. (சர்க்கரை நோயாளிக்கு நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கஞ்சி வேண்டாம், சர்க்கரை சட்டென்று ஏறும்.) வேர்க்கடலை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, கொய்யா, நெத்திலிக் கருவாடு எல்லாம் தெருமுனையில் கிடைப்பவை. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை சொல்லுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த வாரம் வீட்டுல என்ன காய் வாங்கினீங்க?" பதிலில் அவர்கள் சந்தை, வருமானம், அடுப்பு, நேரம் எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் யோசனை அதற்குள் அடங்க வேண்டும்.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் தப்பான செய்தி வந்தால்?

அனுப்பியவருக்குத் தனியாக எழுதுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தியாக இருந்தால் மட்டும் குரூப்பிலேயே, அவர் பெயரைச் சொல்லாமல், இரண்டு வரியில் திருத்துங்கள்.

இவ்வளவு பார்த்துச் சொல்லியும் கேட்கவில்லை என்றால்?

விட்டுவிடுங்கள், ஆபத்தான விஷயம் தவிர. ஒருவர் என்ன சாப்பிட வேண்டும் என்பது அவர் முடிவு. ஒரே விஷயத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னால், நீங்கள் வரும்போது தட்டை மறைக்க ஆரம்பிப்பார்கள். மறைக்க ஆரம்பித்துவிட்டால் உண்மையான பிரச்சினை வரும் நாளிலும் உங்களிடம் வர மாட்டார்கள். அதுதான் பெரிய நஷ்டம்.

சொல்ல ஆரம்பித்ததும் எல்லோரும் டயட் சார்ட் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பரிசோதனை அறிக்கை பார்க்காமல் யாருக்கும் சார்ட் எழுதாதீர்கள், சொந்த அக்காவாக இருந்தாலும். "நான் பொதுவாத்தான் சொன்னேன், உங்க ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் பார்க்கணும்" என்று சொல்லி உரிய இடத்துக்கு அனுப்புங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்றால் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொற்றாநோய்ப் பிரிவு இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடியையும் கேட்கலாம். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.